யாரும் கேட்காத காகிதம்: மெக்சிகோவுக்கு ஆறு நாள் கார் பயணம்

மார்ச் 9, 2024, சனி: சான் அன்டோனியோ – லாரெடோ – மொன்டெர்ரே

காலை ஐந்தரைக்கே வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். நான், மனைவி, பத்து வயது மகள், கோவில்பட்டியிலிருந்து வந்திருக்கும் அம்மா. மகளுக்கு ஒரு வாரம் பள்ளி விடுமுறை. அம்மா வந்து நாலு மாதமாகிறது. குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே கிடந்தவர் போன வாரம் ஒரு நாள், "இந்த நாலு சுவத்தப் பாக்கவாய்யா இம்புட்டு தூரம் வந்தேன்?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பயணம்.

நாங்கள் இருக்கும் சான் அன்டோனியோ அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில். மெக்சிகோ எல்லை எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். எங்கள் மூவரிடமும் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டை இருக்கிறது, அம்மாவிடம் அமெரிக்க விசா இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரிடம் இவற்றில் ஒன்று செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோ விசா தனியாக வேண்டாம். இதை நான் படித்து வைத்திருந்தேன். விசா வேண்டாம் என்பதையே காகிதமே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு.

ஒன்பது மணிக்குள் எல்லையோர ஊரான லாரெடோவின் ஹுவாரெஸ்–லிங்கன் பாலத்தில் ஏறிவிட்டோம். கீழே ரியோ கிராண்டே. மெக்சிகோக்காரர்கள் இதே ஆற்றை ரியோ பிராவோ என்கிறார்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தாமிரபரணியில பாதி கூட இல்லையே, இதுவா ரெண்டு நாட்டுக்கு நடுவுல?" என்றார். அக்கரையில் சுங்கத்துறை விளக்கு. சிவப்பு எரிந்தால் சாமான்களைச் சோதிப்பார்கள், பச்சை என்றால் போகலாம். எங்களுக்குப் பச்சை. கடவுச்சீட்டைக் கையில் எடுத்து வைத்திருந்தோம். யாரும் கேட்கவில்லை. ஒரு காவலர் கையை வீசி முன்னே போகச் சொன்னார். போய்விட்டோம். இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மெக்சிகோப் பக்கம் இருக்கும் நுவோ லாரெடோ ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் 26வது கிலோமீட்டரில் ஒரு சோதனைச் சாவடி. அங்கே இருந்த அதிகாரி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, காரின் முன்கண்ணாடியைத்தான் பார்த்தார். "பெர்மீசோ?" என்றார். அனுமதிச் சீட்டு. நான் கடவுச்சீட்டுகளை நீட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியில் விரலால் ஒரு சின்னக் கட்டம் வரைந்து காட்டினார்.

மனைவி பல் மருத்துவமனை வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். அங்கே வருபவர்களில் பாதிப்பேர் ஸ்பானிஷ் பேசுபவர்கள் என்பதால் அவளுக்கு அந்த மொழி ஓரளவு வரும். அவள் இறங்கிப் பேசிய பிறகுதான் விஷயம் புரிந்தது. எல்லையை ஒட்டிய பட்டையில் வெளிநாட்டுக் கார் காகிதம் இல்லாமல் ஓடலாம். இந்தச் சாவடியைத் தாண்ட ஆளுக்கு ஒரு சுற்றுலா அனுமதி, காருக்குத் தனியாகத் தற்காலிக இறக்குமதி அனுமதி, இரண்டும் வேண்டும். இரண்டையும் பாலத்தடியில் இருக்கும் அலுவலகத்தில் நாமாகப் போய் வாங்க வேண்டும். யாரும் நிறுத்தி அனுப்ப மாட்டார்கள். அந்த அதிகாரி கோபப்படவே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் ஆறு, பாலம், அலுவலகம் மூன்றையும் வரைந்து அம்புக்குறி போட்டு என் கையில் கொடுத்து, வண்டியைத் திருப்ப இடமும் ஒதுக்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்தோம். ஆற்றோரம் அந்த அலுவலகம் நெரிசலாக இருந்தது. தெற்கே சொந்த ஊருக்குப் போகும் குடும்பங்கள்தான் அதிகம். பிக்கப் லாரிகளில் மெத்தை, சைக்கிள், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். முதலில் குடியேற்ற ஜன்னல், அப்புறம் நகல் எடுக்கும் இடம், கடைசியாக வங்கி ஜன்னல். இந்த வரிசை எங்கும் எழுதி ஒட்டியில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெரியம்மாதான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தன் மகனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தார். அந்தப் பையன் முகம் சுளிக்காமல் சுவரோரம் போய் நின்றான்.

சுற்றுலா அனுமதியை எஃப்.எம்.எம். என்கிறார்கள். தரைவழியாக வந்து ஏழு நாளுக்குள் திரும்புவதானால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் என்றால் 2024இல் ஆளுக்கு 717 பேசோ, அப்போதைய டாலருக்கு 17 பேசோ கணக்கில் 42 டாலர் வந்தது. எங்களுக்கு ஆறு நாள் போதும். ஏழு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று பேருக்குச் சடசடவென்று முடிந்தது. அம்மாவிடம் வந்ததும் நின்றுவிட்டது. அம்மாவின் கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர்தான், குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப்பெயர் இடத்துக்கு நகர்த்திவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட்டிருக்கிறார்கள். முதற்பெயர் தெரியாது என்பதற்கான சுருக்கம் அது. ஜன்னலில் இருந்த இளைஞருக்கு இரண்டு தாளும் இரண்டு வெவ்வேறு ஆட்களுடையது போலத் தோன்றியிருக்கிறது. "அப்பெயீதோ?" என்று குடும்பப்பெயரைக் கேட்டார். மெக்சிகோவில் ஒவ்வொருவருக்கும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு குடும்பப்பெயர். ஒன்றுகூட இல்லாத ஒருவர் எப்படி இருக்க முடியும் என்று அவர் குழம்பியதில் நியாயம் இருக்கிறது.

அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எம்பேருக்கு என்னய்யா கொறை?"

"ஒண்ணும் இல்லம்மா. இன்னொரு பேரும் வேணுங்கிறாங்க."

"அப்பா பேரச் சொல்லு. இல்ல, உன் தாத்தா பேரச் சொல்லு."

சொல்லவில்லை. கடவுச்சீட்டில் இல்லாத பெயரைச் சேர்த்தால் திரும்பும்போது அதுவே வம்பாகும். மனைவி கடவுச்சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைக் காட்டினாள், இயந்திரம் படிக்கும் அந்த வரிகளை. அதில் ஒரே பெயர் தெளிவாக இருந்தது. இளைஞர் உள்ளே போய் யாரையோ கேட்டு வந்து, ஒரு கட்டத்தில் அம்மாவின் பெயரையும் இன்னொன்றில் ஒரு கோட்டையும் போட்டு முத்திரை குத்தினார். அம்மா அதை வாங்கி முந்தானையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கார் மனைவி பெயரில் இருக்கிறது. அதனால் வங்கி ஜன்னலில் எல்லாம் அவள்தான். பான்ஹெர்சித்தோ என்பது மெக்சிகோ ராணுவத்தினருக்கான வங்கி. வெளிநாட்டுக் கார்களுக்கு அனுமதி தருவதும் அவர்களே. கடவுச்சீட்டு, எஃப்.எம்.எம்., காரின் பதிவுத்தாள், எல்லாவற்றுக்கும் நகல். கட்டணம் 50 டாலருக்கு மேல். அது போக முன்பணம்: 2007இலோ அதற்குப் பிறகோ வந்த கார் என்றால் 400 டாலர், 2001 முதல் 2006 வரை 300, அதற்கும் பழையது என்றால் 200. காரை மெக்சிகோவிலேயே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பதற்கான பிணை அது. அனுமதிக் காலம் முடிவதற்குள் கொண்டுவந்து ரத்து செய்தால் பணம் கட்டிய அதே அட்டைக்குத் திரும்பிவிடும். மறந்துவிட்டால் போனதுதான். காரை வெளியே எடுத்துப் போயிருந்தாலும் ரத்து செய்யாவிட்டால் கணக்கில் அது இன்னும் மெக்சிகோவில்தான் நிற்கிறது. ஜன்னல்காரம்மா இதை மூன்று முறை சொன்னார். காரின் காப்பீடு மட்டும் நான் முன்னாலேயே இணையத்தில் எடுத்திருந்தேன், அமெரிக்கக் காப்பீடு இங்கே செல்லாது.

கார் அனுமதிக்கான பளபளக்கும் சதுர ஒட்டியைக் கண்ணாடியின் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு மறுபடி 26வது கிலோமீட்டருக்கு வந்தபோது மணி ஒன்றே கால். அதே அதிகாரி. ஒட்டியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டு வணங்கினார்.

இருட்டுவதற்குள் மொன்டெர்ரே போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் அப்புறம் என் கவலை. நுவோ லாரெடோ இருக்கும் தமவுலிபாஸ் மாநிலத்துக்குப் போகவே வேண்டாம் என்று அமெரிக்க அரசே எச்சரிக்கை போட்டிருக்கிறது. தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே அறிவுரை, பகலில் போ, சுங்கச்சாலையில் போ, நிற்காதே. அப்படியே செய்தோம். சுங்கம் 300 பேசோவுக்கு மேல். அம்மா கட்டிவந்த புளியோதரையை ஓடும் காரிலேயே சாப்பிட்டோம். ஐந்து மணி வாக்கில், குதிரைச் சேணம் போல நடுவில் வளைந்த ஒரு மலை தெரிந்தது. சேண மலை என்றுதான் அதற்குப் பெயரே. மொன்டெர்ரே வந்துவிட்டது.

மார்ச் 10, ஞாயிறு: மொன்டெர்ரே

எழுந்தபோது காரின் கடிகாரம் எட்டு, விடுதியின் கடிகாரம் ஏழு. டெக்சஸில் நள்ளிரவுக்குப் பிறகு கோடைக்கால நேரம் தொடங்கிவிட்டது. மெக்சிகோ 2022இல் அந்த வழக்கத்தை விட்டுவிட்டது. ஆனால் எல்லையோர ஊர்கள் மட்டும் அமெரிக்க நேரத்தையே பின்பற்றுகின்றன. திரும்பும் நாளில் இது முக்கியம் என்று குறித்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கடை வாசலில் பரிமாறுபவர் "மேசா பாரா குவாத்ரோ?" என்றதும் அம்மா என்னை இடித்தார். "மேசைங்கிறாரு!" ஆமாம், மேசைதான். நமக்கு போர்த்துகீசியர் வழியாக வந்த சொல், இவர்களுக்கு ஸ்பானிஷில் அதே சொல். அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் அம்மாவே நாலு விரலைக் காட்டி "மேசை" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். எல்லோருக்கும் புரிந்தது.

இந்த ஊரின் பெருமை தீயில் வாட்டிய ஆட்டுக்குட்டி. மொச்சை மாதிரி வேகவைத்த பயறு எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். வடக்கே கோதுமை ரொட்டியிலும் அதைச் சேர்ப்பது வழக்கம். அம்மா சைவம். "சின் கார்னே" என்றால் இறைச்சி இல்லாமல். அது மட்டும் போதாது, "சின் மான்தேகா" என்றும் கேட்க வேண்டும், கொழுப்பு இல்லாமல். சோளரொட்டி, வெண்ணெய்ப்பழம், பச்சைமிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சை. அம்மா இரண்டு வேளையும் அதையே சுருட்டிச் சாப்பிட்டார்.

இங்கே ஒரு பழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடையை விட்டு வெளியே போகிறவர்கள், முன்பின் தெரியாத நம் மேசையைக் கடக்கும்போது "புரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாப்பாடு உடம்புக்கு நல்லா ஒட்டட்டும் என்கிற மாதிரி. ஒரு வேளைச் சாப்பாட்டில் ஏழெட்டு பேர் சொல்லியிருப்பார்கள்.

சாயங்காலம் சாந்தா லூசியா கால்வாயோரம் நடந்தோம். அதன் ஒரு முனையில், 1986இல் மூடிய இரும்பு ஆலையைப் பூங்காவாக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குக் கால்வலி, சீக்கிரம் திரும்பிவிட்டோம்.

மார்ச் 11, திங்கள்: மத்தேவாலா வழியாக ரியல் தே கத்தோர்சே

சால்டியோவைத் தாண்டினால் 57ஆம் எண் நெடுஞ்சாலை பொட்டல் காட்டுக்குள் நேராக இறங்குகிறது. யூக்கா மரங்கள், வறண்ட மலைகள். கரிசல்காட்டுக் கோடையில் வரும் அதே வெளுத்த வெளிச்சம். லாரிக்காரர்கள் இடதுபக்க விளக்கைச் சிமிட்டினால் முந்திக்கொள் என்று அர்த்தம். முதலில் அவர் திரும்பப்போகிறார் என்று நினைத்துப் பயந்து பின்னாலேயே போனேன். சிற்றூர்களில் வேகத்தடைகள் அறிவிப்பே இல்லாமல் வரும், அதிலும் கவனம் வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் நாம் இறங்க வேண்டாம், அவர்களே நிரப்பிக் கண்ணாடியும் துடைப்பார்கள். 10 பேசோ கொடுத்தால் சந்தோஷப்படுகிறார்கள்.

மத்தேவாலா சந்தையில் ஒரு அம்மாள் தட்டையான இரும்புக்கல்லில் கொர்தீத்தா சுட்டுக்கொண்டிருந்தார். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவு. உள்ளங்கையில் தட்டிக் கல்லில் போட்டு, உப்பியதும் பக்கவாட்டில் கத்தியால் வாயைத் திறந்து உள்ளே குழம்பை நிரப்புகிறார். ஒன்று 20 பேசோ. சைவம் என்றதும் பச்சையாக நீளநீளமாக நறுக்கிய ஒன்றைக் காட்டினார். பக்கத்துக் கூடையில் அதன் முழு வடிவம் கிடந்தது. ஒரு கிழவர் அந்தத் தட்டை மடலைக் கையில் பிடித்து முள்முள்ளாகச் சீவித் தள்ளிக்கொண்டிருந்தார்.

அம்மா குனிந்து பார்த்தார். "ஏய்யா, இது சப்பாத்திக்கள்ளில்ல?"

அதேதான். சப்பாத்திக்கள்ளியின் பூர்வீகமே இந்தக் கண்டம். நம் ஊருக்கு வெளியிலிருந்து வந்து, காடாக மண்டிய செடி. அதன் பழத்தை முள்ளோடு பறித்து மண்ணில் தேய்த்துச் சாப்பிட்டு நாக்கெல்லாம் சிவந்துபோன கதையை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். மடலைச் சாப்பிடலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு வாய் கடித்தார். மென்றார். "வெண்டைக்காய்தான். கொஞ்சம் புளிப்பு." இன்னொன்று வாங்கச் சொன்னார். மகளும், "ஆச்சி, எனக்கும்" என்று கை நீட்டினாள்.

அங்கிருந்து மலைக்கு ஏறும் சாலை முழுவதும் உருளைக்கல் பாவியது, 25 கிலோமீட்டர் போல இருக்கும். பல் ஆடிவிட்டது. முடிவில் ஓகாரியோ சுரங்கப்பாதை. ரியல் தே கத்தோர்சே என்ற வெள்ளிச் சுரங்க ஊருக்கு வழி வேண்டும் என்று மலையைக் குடைந்து 1901இல் முடித்தது, நீளம் 2.3 கிலோமீட்டர். ஒரே ஒரு வண்டிதான் போகலாம். இரண்டு முனையிலும் ஆள் நின்று தொலைபேசியில் பேசி ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை விடுகிறார்கள். கால் மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே ஈரக்கல் வாசனை. வெளியே வந்தால் 2,700 மீட்டர் உயரத்தில் கல்வீடுகள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த இடம், இப்போது பாதிக்கு மேல் கூரையில்லாத சுவர்கள்.

மார்ச் 12, செவ்வாய்: ரியல் தே கத்தோர்சே

ராத்திரி ஐந்து டிகிரி. விடுதியில் சூடேற்றி இல்லை. மூன்று கம்பளியும் போதாமல் அம்மா காரிலிருந்த ஸ்வெட்டரைக் கேட்டார். அதை எடுக்கப் போனபோதுதான் பின் சக்கரத்தில் காற்று இறங்கியிருப்பதைப் பார்த்தேன். கல்சாலையின் வேலை. காலையில் விடுதிக்காரர் தானே வந்து மாற்றுச் சக்கரத்தைப் போட்டுக் கொடுத்தார். பணம் நீட்டியதற்கு வாங்கவில்லை, காபி குடிக்கச் சொன்னார், பட்டை போட்டது.

இந்த ஊருக்கு வருபவர்களில் பெரும்பாலோர் மாதா கோயிலில் இருக்கும் புனித பிரான்சிஸைப் பார்க்கத்தான் வருகிறார்கள். அக்டோபர் 4 திருவிழாவுக்குக் கூட்டம் தாங்காதாம். செல்லமாகப் பஞ்சித்தோ என்கிறார்கள். உள்ளே ஒரு அறைச் சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் தகரப் படங்கள். நேர்ந்துகொண்டது பலித்தவர்கள் நடந்ததை வரையச் சொல்லி, அடியில் நன்றி எழுதி மாட்டியிருக்கிறார்கள். கவிழ்ந்த லாரி, மருத்துவமனைக் கட்டில், காணாமல் போய்க் கிடைத்த மாடு. கீழே கை, கால், கண் வடிவத்தில் சின்ன உலோகத் தகடுகள். "நம்ம ஊரு கண்மலருய்யா" என்று அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டார். இருக்கன்குடியில் என் கண்ணுக்காக அவர் நேர்ந்து போட்டதை அங்கே நின்றுதான் முதல்முறையாகச் சொன்னார். எனக்கு அப்போது மூன்று வயதாம்.

ஒரு படத்தின் முன்னால் மனைவி ரொம்ப நேரம் நின்றாள். ஆறு ஒன்று, நடுவில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு ஆள், தலைக்கு மேல் ஒரு பை. மகன் பத்திரமாக அக்கரை சேர்ந்ததற்கும், பிறகு அவனுக்குக் காகிதம் கிடைத்ததற்கும் தாய் சொல்லும் நன்றி. மனைவி மெதுவாக வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னாள். நாங்கள் சனிக்கிழமை பத்தே நிமிடத்தில் காரில் கடந்த ஆறு. அம்மா அந்தப் படத்துக்கும் கைகூப்பினார்.

மார்ச் 13, புதன்: சால்டியோ

மத்தேவாலாவில் பஞ்சர் ஒட்டினோம், 80 பேசோ. ஒட்டியவர் அரைமணி நேரத்தில் நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பார்த்துவிட்டார். சால்டியோவில் தங்கல். இந்த ஊர் ரொட்டிக்கு மாவைப் புளிக்க வைப்பது கற்றாழை இனச் செடியிலிருந்து இறக்கும் புல்கே என்ற கள். ஆப்பத்துக்குக் கள் ஊற்றுவது மாதிரி. இனிப்பாக, மெத்தென்று இருந்தது. வேறெதுவும் செய்யவில்லை, எல்லோரும் தூங்கினோம்.

மார்ச் 14, வியாழன்: கொலம்பியா பாலம் வழியாக வீடு

திரும்ப வேறு பாலத்தைத் தேர்ந்தெடுத்தேன். நுவோ லியோன் மாநிலத்துக்கு அமெரிக்காவோடு இருக்கும் எல்லை 15 கிலோமீட்டர் போலத்தான். அதில் உள்ள ஒரே பாலம் கொலம்பியா, லாரெடோ நகரிலிருந்து தள்ளி வடமேற்கே. அலுவலகம் சாலையிலேயே இருக்கிறது, கூட்டமும் இல்லை.

ஆனாலும் இங்கேயும் அதே கதைதான். தடுப்பு இல்லை, நிறுத்துவார் இல்லை. நேரே ஓட்டினால் அமெரிக்கா. எங்களுக்கு முன்னால் போன இரண்டு டெக்சஸ் கார்கள் நிற்காமல் போயின. அவற்றின் கண்ணாடியில் அந்தச் சதுர ஒட்டி இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருந்தால் அந்த 400 டாலர் என்னாகும் என்று மனம் பதைத்தது. எல்லை நேரம் ஒரு மணி முன்னால் ஓடுவதைக் கணக்கில் வைத்திருந்ததால் அலுவலகம் சாத்துவதற்குள் வந்துவிட்டோம்.

முதலில் நாலு எஃப்.எம்.எம். தாள்களையும் கொடுத்தோம். அம்மா தன் தாளை நீட்டத் தயங்கினார். "இதத் திரும்பக் குடுக்கணுமா? எம்பேரு சரியா போட்டிருந்தாங்களே." மனைவி அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகே அம்மா கொடுத்தார்.

வங்கிப் பெண் கையில் ஒரு தகடோடு வெளியே வந்தார். கார் எண்ணைப் படம் எடுத்தார், ஒட்டியைப் படம் எடுத்தார், அப்புறம் தகட்டின் முனையை மூலைக்குள் செருகி மெதுவாக உரித்தார். ஒட்டி நாலு துண்டாகத்தான் வந்தது. உள்ளே போய் ரத்து ரசீதை அச்சடித்துக் கொடுத்து, இதைத் தொலைக்காதீர்கள், பணம் வரும்வரை வைத்திருங்கள் என்றார். வழியனுப்பும்போது அம்மாவைப் பார்த்து, "போய் வாங்க, சின்னம்மா" என்று சொல்கிற மாதிரி ஏதோ செல்லமாகச் சொன்னார்.

அமெரிக்கப் பக்கம் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார்கள். காய்ந்த மிளகாய், புளிமிட்டாய், சோளரொட்டி, அப்புறம் ஆறு கொய்யாப்பழம் என்று உள்ளதைச் சொன்னோம். கொய்யா மட்டும் கூடாது. அம்மாவே எடுத்து அவர்கள் காட்டிய தொட்டியில் போட்டார்.

வீடு வந்தபோது மணி ஏழு. இரண்டு நாள் கழித்து 400 டாலரும் மனைவியின் அட்டைக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் அந்தச் சதுரத்தின் பசை மட்டும் இன்னும் போகவில்லை. தேங்காயெண்ணெய் தடவினால் போகும் என்கிறார் அம்மா. இன்று சாயங்காலம் தடவிப் பார்க்க வேண்டும்.